லுகேமியா செல் முதிரும்போது சவ்வுக் கொழுப்புகளுக்கு என்ன ஆகிறது?

கேள்வி இதுதான்: லுகேமியா (ரத்தப் புற்றுநோய்) செல்களுக்கு ரெட்டினாயிக் அமிலம் (வைட்டமின் ஏ-யின் ஒரு வடிவம்), வைட்டமின் டி போன்றவற்றைக் கொடுத்து முதிரவைத்தால் அவற்றின் சவ்விலுள்ள கொழுப்புகளும் மாறுகின்றன என்கிறார்கள். அந்த மாற்றம் முதிர்ச்சியால் வருகிறதா, அல்லது முதிர்ச்சியையே அதுதான் கொண்டுவருகிறதா?

இரண்டும் நடக்கிறது. எந்தக் கொழுப்பு, எத்தனையாவது மணி நேரத்தில், செல் எந்த வகையாக முதிரும்போது என்று பிரித்துக் கேட்டால்தான் பதில் பிடிபடும். மொத்தக் கொழுப்பு கூடியதா குறைந்ததா என்று மட்டும் அளந்தால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. சுவையான மாற்றங்கள் அளவில் சிறியவை, தன்மையில் பெரியவை. ஒரு சர்க்கரை கூடுதலாக ஒட்டுவது, ஒரு கொழுப்பு அமில வால் எட்டுக் கார்பன் நீள்வது, ஒரு மூலக்கூறு இரண்டு மணி நேரம் மட்டும் குறைந்து மறுபடி பழைய அளவுக்கு வருவது போன்றவை அவை.

முதலில் நோயைப் பற்றிக் கொஞ்சம். ஆரோக்கியமான எலும்பு மஜ்ஜை நாளொன்றுக்கு ஏறத்தாழ 10,000 கோடி நியூட்ரோபில் என்ற வெள்ளணுக்களைச் செய்து அனுப்புகிறது. மைலோபிளாஸ்ட், புரோமைலோசைட், மைலோசைட் என்று படிப்படியாக முதிரும் செல், மைலோசைட் கட்டத்தைத் தாண்டியதும் பிரிவதை நிறுத்திவிடும். கடைசியில் வெளிவரும் நியூட்ரோபில் இனி ஒருபோதும் இரண்டாகாது. கிருமியைத் துரத்திப் பிடித்து விழுங்குவதும், பிறகு செத்துப்போவதும்தான் அதற்கு மிச்சமுள்ள வேலை. அக்யூட் மைலாய்டு லுகேமியாவில் செல் இந்த ஏணியின் கீழ்ப்படியிலேயே நின்றுவிடுகிறது. நின்ற இடத்திலேயே பெருகிக்கொண்டும் இருக்கிறது.

அந்த அடைப்பை நீக்கினால் புற்றுச் செல்லே தன் வழியில் முதிர்ந்து ஓய்ந்துவிடும் என்பது ஒரு காலத்தில் வெறும் நம்பிக்கையாக இருந்தது. 1988-இல் ஷாங்காயைச் சேர்ந்த மருத்துவர்கள், அக்யூட் புரோமைலோசைட்டிக் லுகேமியா என்ற துணைவகை நோயாளிகள் 24 பேருக்கு ரெட்டினாயிக் அமிலம் கொடுத்ததில் அனைவருக்கும் நோய் தணிந்தது என்று வெளியிட்டார்கள். ஒருவருக்கு மட்டும் கூடவே சிறிதளவு கீமோ மருந்தும் தேவைப்பட்டது. அந்த நோயில் 15-ஆம், 17-ஆம் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொள்வதை ஜேனட் ரௌலி 1977-இலேயே காட்டியிருந்தார். உடைப்பு விழுவது ரெட்டினாயிக் அமிலத்தின் ஏற்பி மரபணுவிலேயே என்று பின்னால் தெரிந்தபோது, சிகிச்சை ஏன் பலித்தது என்பதற்கும் விடை கிடைத்தது. புற்றுநோய் மருத்துவத்தின் வரலாற்றில் என்னை மிகவும் நெகிழவைக்கும் அத்தியாயம் இது. நோயுற்ற செல்லைக் கொல்லாமல் வளர்த்து ஆளாக்கியே ஒரு கொடிய நோயை வென்றார்கள்.

சவ்வு ஆய்வுகளில் பெரும்பகுதி ஹெச்எல்-60 என்ற செல் வரிசையில் நடந்தது. 1977-இல் ஸ்டீவன் காலின்ஸும் உடன் பணியாற்றியவர்களும் ஒரு நோயாளியின் ரத்தத்திலிருந்து வளர்த்தெடுத்தது அது. புரோமைலோசைட்டிக் லுகேமியா என்றுதான் முதலில் பெயர் சூட்டினார்கள். ஆனால் அதில் 15–17 மாற்றம் கிடையாது, பிறகு வேறு வகையில் சேர்த்தார்கள். அதன் அருமை வேறொன்றில் இருக்கிறது. ஒரே செல்லுக்குப் பல கதவுகள். டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானோ ரெட்டினாயிக் அமிலமோ கொடுத்தால் ஐந்தாறு நாளில் நியூட்ரோபில் போலாகும். வைட்டமின் டி3-இன் செயல்வடிவம் கொடுத்தால் மோனோசைட் என்ற வேறுவகை வெள்ளணு போலாகும். டிபிஏ என்ற ஃபோர்பால் எஸ்டர் கொடுத்தால் ஓரிரு நாளில் தட்டின் அடியில் ஒட்டிப் பரவி, துகள்களை விழுங்கும் மேக்ரோஃபேஜ் போலாகும். கிளம்பும் இடம் ஒன்று, போய்ச்சேரும் இடம் மூன்று. எந்தச் சவ்வு மாற்றம் முதிர்ச்சிக்கே பொதுவானது, எது குறிப்பிட்ட ஒரு பாதைக்கு மட்டும் உரியது என்று பிரித்துப் பார்க்க இதைவிட வசதியான களம் அன்று இருக்கவில்லை.

இனி சவ்வுக்கு வருவோம்.

பெருகிக்கொண்டிருக்கும் லுகேமியா செல்லின் முதல் கவலை, அடுத்த பிரிவுக்குள் தன் சவ்வு முழுவதையும் இரட்டிப்பாக்குவது. வெளிச்சவ்வு மட்டுமில்லை, உள்ளே இருக்கும் எண்டோபிளாச வலை, மைட்டோகாண்ட்ரியா, உட்கரு உறை எல்லாமே இரண்டு மடங்காக வேண்டும். சவ்வின் முக்கியச் செங்கல் பாஸ்ஃபடிடைல்கோலின். 1950-களில் யூஜீன் கென்னடி வகுத்துக்காட்டிய பாதையில் அது உருவாகிறது: கோலினுக்குப் பாஸ்பேட் ஏறுகிறது, அது சிடிபி-கோலின் ஆகிறது, பிறகு டைஅசைல்கிளிசராலோடு சேர்கிறது. நடுவிலுள்ள சைட்டிடைலில்ட்ரான்ஸ்ஃபெரேஸ் என்ற நொதிதான் இந்தப் பாதையின் மடைக்கதவு. பெருகும் செல்லில் அது அகலத் திறந்திருக்கும்.

கொலஸ்ட்ராலும் அப்படியே. இதற்கு ஆய்வகம் தாண்டி நோயாளியிடமே சாட்சி உண்டு. 1980-களின் நடுவில் ஸ்வீடனில் விட்டோல்ஸ் குழுவினர், அக்யூட் மைலாய்டு லுகேமியா செல்கள் பல, ரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமந்துசெல்லும் எல்டிஎல் துகள்களை இயல்பான வெள்ளணுக்களைவிட வேகமாக உள்ளே இழுப்பதைக் கண்டார்கள். மோனோசைட் சாயல் கொண்ட லுகேமியாக்களில் இது கூடுதல். இப்படி இழுப்பது அதிகமாக இருந்த நோயாளிகளின் ரத்தத்தில் கொலஸ்ட்ரால் அளவு தாழ்ந்திருந்தது. சிகிச்சையில் லுகேமியா செல்கள் குறையக் குறைய அளவு ஏறியது. ரத்த அறிக்கையில் கொலஸ்ட்ரால் குறைந்தால் நல்லது என்றே நினைத்துப் பழகியிருக்கிறோம். இங்கே அது ஒரு நோயின் பசியைக் காட்டிக்கொடுக்கிறது.

அப்படியானால் முதிர்ச்சி தொடங்கியதும் இந்த உற்பத்தியெல்லாம் படுத்துவிடுமா? நியூட்ரோபில் பாதையில் கிட்டத்தட்ட அதுதான் நடக்கிறது. செல் ஓரிரு முறை பிரிந்து நிற்கிறது, அளவில் சிறுக்கிறது, உட்கரு மடல் மடலாகப் பிரிகிறது. இரட்டிப்புக்கான சவ்வு இனி வேண்டாம் என்பதால் கொலஸ்ட்ரால் தயாரிப்பும் தாழ்கிறது. மேக்ரோஃபேஜ் பாதையில் கதையே வேறு. அந்தச் செல் பிரிவதை நிறுத்தினாலும் அளவில் பருக்கிறது, கால்களை நீட்டிப் பரவுகிறது, விழுங்கும் ஒவ்வொரு துகளையும் தன் வெளிச்சவ்வாலேயே போர்த்தி உள்ளே அனுப்புகிறது. சவ்வுக்கான தேவை அதற்கு ஓய்வதில்லை. ஃபோர்பால் எஸ்டர் கொடுத்த ஹெச்எல்-60-இல் பாஸ்ஃபடிடைல்கோலின் தயாரிப்பு முடுக்கப்படுவதை இந்தப் பின்னணியில் பார்க்கவேண்டும். 'முதிர்ச்சியில் சவ்வுத் தயாரிப்பு குறையும்' என்று பொதுவிதி எழுதினால் பாதிச் செல்கள் அதை மீறும். போகும் இடத்தைப் பொறுத்தே திசை.

இதுவரை சொன்னது விளைவு வகை. செல் மாறியது, அதனால் தேவை மாறியது, தேவைக்கேற்பத் தயாரிப்பு மாறியது. காரண வகைக்கு வந்தால் முதலில் ஸ்பிங்கோமைலினிடம் நிற்கவேண்டும். இந்தக் கேள்வியின் உயிர்நாடி அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

ஸ்பிங்கோமைலின், வெளிச்சவ்வின் வெளி அடுக்கில் கொலஸ்ட்ராலோடு நெருங்கி உட்கார்ந்திருக்கும் கொழுப்பு. நெடுங்காலம் அதைச் சவ்வுக்கு விறைப்புத் தரும் கட்டுமானப் பொருளாகவே கருதினார்கள். 1989-இல் ஒகாசாகி, பெல், ஹன்னுன் மூவரும் ஹெச்எல்-60 செல்லுக்கு வைட்டமின் டி3 கொடுத்து மணிக்கு மணி அளந்தார்கள். இரண்டாவது மணி நேரத்தில் ஸ்பிங்கோமைலின் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு காணாமல் போயிருந்தது. நான்காவது மணி நேரத்தில் திரும்பி வந்துவிட்டது. நடுவே அதன் தலை கழன்று செராமைடு என்ற மூலக்கூறு பிறந்திருந்தது. செல் மோனோசைட்டாகத் தெரிய நாட்கணக்கு ஆகும். சவ்வோ இரண்டு மணி நேரத்திலேயே பேசி முடித்துவிட்டது.

முந்தி நடந்தது என்பதால் மட்டும் ஒன்று காரணமாகிவிடாது. அவர்கள் அங்கே நிற்கவில்லை என்பதுதான் இந்த ஆய்வின் அழகு. தனியாகக் கொடுத்தால் போதாத அளவுக்கு வைட்டமின் டி3-ஐக் குறைத்து, கூடவே பாக்டீரியாவிலிருந்து எடுத்த ஸ்பிங்கோமைலினேஸ் நொதியை வெளியிலிருந்து சேர்த்தார்கள். முதிர்ச்சி கூடியது. அடுத்த ஆண்டு, செல்லுக்குள் எளிதில் நுழையும்படி வாலைக் குட்டையாக்கிய செராமைடைக் கொடுத்துப் பார்த்தார்கள். வைட்டமின் டி செய்யும் வேலையை அதுவும் செய்தது, செல்கள் மோனோசைட் பக்கம் நகர்ந்தன. சவ்வின் ஒரு கொழுப்பு உடைந்து கிடைக்கும் துண்டு செல்லின் தலைவிதியை மாற்றும் ஆணையாகவும் வேலை செய்யலாம் என்பது அப்படித்தான் நிலைநாட்டப்பட்டது. ஸ்பிங்கோமைலின் சுழற்சி என்று இன்று பாடநூல்களில் வருவது பிறந்த இடம், இந்த முதிரும் லுகேமியா செல்தான்.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. 1993-இல் அதே ஹன்னுனின் குழு, யு937 என்ற வேறொரு செல் வரிசையில் செராமைடு திட்டமிட்ட செல் மரணத்தைத் தூண்டுவதைக் காட்டியது. ஒரே மூலக்கூறு ஓரிடத்தில் முதிரச் சொல்கிறது, இன்னோரிடத்தில் சாகச் சொல்கிறது. எவ்வளவு செராமைடு, செல்லின் எந்தப் பகுதியில், எவ்வளவு நேரம், எந்த நீள வாலோடு என்பவைதான் தீர்ப்பை மாற்றுகின்றன. செராமைடிலிருந்து மேலும் இரண்டு படி போனால் ஸ்பிங்கோசின்-1-பாஸ்பேட் வரும். அது 'பிழைத்திரு, பெருகு' என்று எதிர்த்திசையில் இழுக்கும். செல் தன் சமநிலையை இந்த இரண்டுக்கும் நடுவே வைத்திருக்கிறது. லுகேமியா செல் அதைத் தனக்குச் சாதகமாகச் சாய்த்துவைக்கப் பார்க்கும். எஃப்எல்டி3 மரபணு திரிந்த லுகேமியாக்களில் செராமைடு தயாரிப்பு அமுக்கப்பட்டிருப்பது இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. அந்த மரபணுவின் புரதத்தைத் தடுத்தால் செராமைடு மீண்டும் எழுகிறது.

ஆரோக்கியமான ரத்த ஸ்டெம் செல்களிலும் இதே பாதை முக்கியம். 2019-இல் டொரன்டோவிலிருந்து ஜான் டிக்கின் குழு, மனித ரத்த ஸ்டெம் செல்லுக்கும் அதிலிருந்து பிரிந்து முதிரும் செல்களுக்கும் ஸ்பிங்கோலிப்பிட் (ஸ்பிங்கோமைலின், செராமைடு அடங்கிய கொழுப்புக் குடும்பம்) கலவை வேறுபடுவதையும், அந்தப் பாதையில் ஒரு நொதியைத் தடுத்தால் ஸ்டெம் செல்லின் தன்னைப் புதுப்பிக்கும் திறன் காக்கப்படுவதையும் காட்டியது. ஹெச்எல்-60 ஒரு விசித்திரமான ஆய்வகச் செல், அதில் கண்டது இயற்கைக்குப் பொருந்துமா என்று ஐயப்படுபவர்களுக்கு இது நல்ல பதில்.

அடுத்து சர்க்கரைத் தலைகள். செராமைடின் மேல் குளுக்கோஸ் ஏறி, அதன் மேல் கேலக்டோஸ் ஏறினால் லாக்டோசில்செராமைடு. பாதை இங்கேதான் கவைபோலப் பிரிகிறது. அதன் நுனியில் சியாலிக் அமிலம் ஏறினால் ஜிஎம்3 என்ற கேங்கிளியோசைடு. அதற்குப் பதில் என்-அசிட்டைல்குளுக்கோசமின் ஏறினால் நியோலாக்டோ என்ற நீண்ட குடும்பம் தொடங்கும். ஜப்பானில் நோஜிரி, சைட்டோ ஆகியோரின் குழு கண்டது என்னவென்றால், ஹெச்எல்-60 மேக்ரோஃபேஜ் பக்கம் போகும்போது ஜிஎம்3 ஏறுகிறது. நியூட்ரோபில் பக்கம் போகும்போது நியோலாக்டோ குடும்பம் ஏறுகிறது. கவையில் எந்தக் கிளைக்குரிய நொதி வலுக்கிறதோ, செல்லின் வழியும் அதுவாக இருக்கிறது.

அவர்களும் எதிர்த்திசையில் சோதித்தார்கள். 1986-இல் ஜிஎம்3-ஐத் தனியே பிரித்தெடுத்து, வேறெந்தத் தூண்டலும் இல்லாமல் வெளியிலிருந்து கொடுத்தார்கள். ஹெச்எல்-60, யு937 இரண்டுமே மோனோசைட் பக்கம் திரும்பின. பிறகு நியோலாக்டோ கேங்கிளியோசைடுகளைக் கொடுத்தார்கள். அதே ஹெச்எல்-60 இம்முறை நியூட்ரோபில் பக்கம் திரும்பியது. ஸ்பிங்கோமைலின் உடைந்தபின்தான் செராமைடு ஆணையிடுகிறது. இவை உடையாமல், சவ்வில் இருந்தபடியே வழிகாட்டுகின்றன. முதிர்ச்சியின் அடையாளம் என்று நாம் அளக்கும் ஒரு பொருளே முதிர்ச்சியைத் தரவும் செய்தால், காரணம்–விளைவு என்ற பிரிப்பு அங்கே வட்டமாகிவிடுகிறது. செல் மாறத் தொடங்கினால் ஜிஎம்3 ஏறும், ஜிஎம்3 ஏறினால் செல் இன்னும் மாறும். எடுத்த முடிவிலிருந்து செல் பின்வாங்காமல் இருக்க இப்படியொரு வட்டம் உதவும் என்றே தோன்றுகிறது.

ரத்தநோய்ப் பிரிவில் வேலை செய்பவர்களுக்கு இந்தச் சர்க்கரைத் தலைகள் வேறு பெயரில் பழக்கமானவை. செல்களை இனம்பிரிக்கத் தினமும் பார்க்கும் மேற்பரப்பு அடையாளமான சிடி15 ஒரு புரதத்தின் பெயரில்லை. ஃபியூகோஸ் ஏறிய ஒரு சர்க்கரை அமைப்பின் பெயர். அது கொழுப்பின் மேலும் உட்காரும், புரதத்தின் மேலும் உட்காரும். சிடி17 என்பது லாக்டோசில்செராமைடேதான். சிடி எண் என்றாலே புரதம் என்று எண்ணுவது பலருக்கும் வரும் தவறு.

அந்த லாக்டோசில்செராமைடைப் பற்றித்தான் எனக்கு மிகவும் பிடித்த கதை. மனித நியூட்ரோபிலின் நடுநிலைக் கிளைக்கோலிப்பிட்களில் (சர்க்கரை ஏறிய கொழுப்புகளில்) பெரும்பங்கு அதுவே. சவ்வில் திட்டுத்திட்டாகக் கூடியிருந்து, பூஞ்சை, பாக்டீரியா போன்றவற்றின் மேற்பரப்பைத் தொட்டு உணர்கிறது. உணர்ந்ததும் சவ்வின் உட்பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் லின் என்ற கைனேஸ் (பாஸ்பேட் ஏற்றிச் செய்தி கடத்தும் நொதி) விழித்துக்கொள்ளும், கிருமியைத் தாக்கும் சூப்பர்ஆக்சைடு பீறிடும். இதில் ஒரு புதிர் இருந்தது. லாக்டோசில்செராமைடு சவ்வின் வெளி அடுக்கில் மட்டும் இருக்கிறது. லின் உள் அடுக்கில் மட்டும் இருக்கிறது. இடையே பாலமாக ஒரு புரதமும் இல்லை. வெளியே தொட்டது உள்ளே எப்படித் தெரிகிறது?

இவாபுச்சியின் குழு இதற்கு விடை தேடியபோது, டிஎம்எஸ்ஓ கொடுத்து முதிரவைத்த ஹெச்எல்-60 செல்லை நியூட்ரோபிலோடு ஒப்பிட்டது. பார்வைக்கு முதிர்ந்த செல். மற்றத் தூண்டல்களுக்குச் சூப்பர்ஆக்சைடும் தருகிறது. லாக்டோசில்செராமைடும் மேற்பரப்பில் இருக்கிறது. ஆனால் அதை எதிர்ப்பொருளால் தொட்டால் உள்ளே ஒன்றும் நடக்கவில்லை. வேறுபாடு வாலில் இருந்தது. நியூட்ரோபிலின் சவ்விலுள்ள லாக்டோசில்செராமைடில் 24 கார்பன் நீளமுள்ள கொழுப்பு அமிலம் மிகுதி. முதிரவைத்த ஹெச்எல்-60-இல் 16 கார்பன் போன்ற குட்டை வால்களே மிகுதி. 24 கார்பன் வால் வெளி அடுக்கின் எல்லையைத் தாண்டி உள் அடுக்குக்குள் நீளும். அங்கே லின்னின் கொழுப்பு நங்கூரத்தைத் தொட முடியும். குட்டை வாலுக்கு எட்டாது. 24 கார்பன் வால் கொண்ட லாக்டோசில்செராமைடை வெளியிலிருந்து சவ்வில் ஏற்றியதும் அந்தச் செல்லும் பதில் சொன்னது, சூப்பர்ஆக்சைடு வந்தது.

முதிர்ச்சி என்று சொல்லும்போது நாம் எதை அளக்கிறோம் என்பதை இந்த ஒரு பரிசோதனை என்னை மறுபடி யோசிக்கவைத்தது. உட்கருவின் வடிவம் சரி, மேற்பரப்பு அடையாளங்கள் சரி, சாயச் சோதனையும் சரி. ஆனாலும் எட்டுக் கார்பன் குறைவாக இருந்ததால் ஒரு திறமை வரவே இல்லை. லுகேமியா செல் மருந்தால் முதிரும்போது இயல்பான நியூட்ரோபிலை நெருங்கி வருகிறது, முழுவதும் எட்டிவிடுவதில்லை. அந்த இடைவெளியில் ஒரு பங்கு சவ்வின் வால்களில் ஒளிந்திருக்கிறது. 24 கார்பன் வால்களை நீட்டுவதற்கும், அவற்றைச் செராமைடில் கோப்பதற்கும் தனித்தனி நொதிகள் உண்டு. முதிர்ச்சியின் எந்தக் கட்டத்தில் அவை வலுக்கின்றன என்பது ஆய்வு செய்யத் தகுந்த கேள்வி.

வேலைக்கான மற்றக் கொழுப்பு மாற்றங்களைச் சற்று வேகமாகச் சொல்லிவிடுகிறேன். முதிராத ஹெச்எல்-60 செல்லில் அராகிடோனிக் அமிலத்தை லூக்கோட்ரையீன் என்ற அழற்சித் தூதுப்பொருளாக மாற்றும் 5-லைபாக்சிஜனேஸ் நொதி மிகக் குறைவு. டிஎம்எஸ்ஓ-வால் முதிர்ந்ததும் அது ஏறுகிறது. கிருமியின் வாசனைப் பொருளை ஏற்பி உணர்ந்ததும் பாஸ்ஃபோலிபேஸ் டி விழித்துப் பாஸ்ஃபடிடிக் அமிலம் செய்வதும் முதிர்ந்த செல்லில் நன்றாகத் தெரியும். இனோசிட்டால் கொழுப்புகள் செல்லுக்கு முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று சொல்கின்றன: 2000-இல் ஒளிரும் புரதத்தை வைத்துப் பார்த்தபோது, முதிர்ந்த ஹெச்எல்-60 ஊர்ந்து போகும் திசையிலுள்ள சவ்வு விளிம்பில் மட்டும் மூன்று பாஸ்பேட் ஏறிய இனோசிட்டால் கொழுப்பு திரண்டிருந்தது கண்ணாலேயே தெரிந்தது. பெருகும் செல்லுக்குச் சவ்வு ஒரு சுவர். முதிர்ந்த செல்லுக்கு அதுவே கிடங்கு, திசைகாட்டி, ஆயுதசாலை.

ஈதர் கொழுப்புகளைத் தனியாகக் குறிப்பிடவேண்டும். சாதாரணப் பாஸ்போலிப்பிட்டில் வால்கள் எஸ்டர் பிணைப்பால் ஒட்டியிருக்கும். நியூட்ரோபிலின் பாஸ்ஃபடிடைல்கோலினில் கணிசமான பங்கில் ஒரு வால் ஈதர் பிணைப்பால் ஒட்டியிருக்கிறது. பிஏஎஃப் என்ற அழற்சித் தூதுப்பொருளுக்கு மூலப்பொருள் அதுதான். 2015-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் செமென்கோவிச்சின் குழு, எலிகளில் கொழுப்பு அமிலம் தயாரிக்கும் நொதியை நீக்கியபோது நியூட்ரோபில்கள் பெருமளவு குறைந்துபோயின. பெராக்சிசோம் என்ற செல் உள்ளுறுப்பில் நடக்கும் ஈதர் கொழுப்புத் தயாரிப்பு நின்றதுதான் காரணம் என்று காட்டினார்கள். வெளியே கிடைக்கும் கொழுப்பை வாங்கிக்கொண்டு அந்தச் செல்லால் சமாளிக்க முடியவில்லை, தானே செய்தாக வேண்டியிருந்தது. இதற்கு இரண்டாண்டு கழித்து ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து வந்த இன்னோர் ஆய்வு, முதிரும் நியூட்ரோபில் தன் கொழுப்புத் துளிகளைத் தானே உடைத்து, கிடைக்கும் கொழுப்பு அமிலத்தை மைட்டோகாண்ட்ரியாவில் எரித்துத்தான் முதிர்ச்சிக்கான ஆற்றலைப் பெறுகிறது என்று காட்டியது. அந்த உடைப்பைத் தடுத்தால் செல் முதிராமலே நிற்கிறது.

கொழுப்பை வைத்து முதிர்ச்சியை அறிவது புதிதுமில்லை. சூடான் பிளாக் பி என்ற கொழுப்புச் சாயம் வெள்ளணுக்களின் துகள்களில் படிவதை ஷீஹன் 1939-இல் எழுதினார். பிளாஸ்ட் செல் மைலாய்டு வகையா, லிம்ஃபாய்டு வகையா என்று சொல்ல அந்தச் சாயம் பல பத்தாண்டுகள் உதவியது. மூலக்கூறுகளை எடைவைத்து இனம்காணும் நிறை நிறமாலைமானி இந்தத் துறைக்கு வருவதற்கு முன்பே நுண்ணோக்கியின் கீழ் இந்தப் பாடத்தின் முதல் பக்கம் படிக்கப்பட்டுவிட்டது.

இப்போது ஓர் எச்சரிக்கை. இந்தத் துறையின் பழைய கட்டுரைகளை வாசிக்கும்போது நான் முதலில் தேடுவது, செல்லை எதைக் கொண்டு முதிரவைத்தார்கள் என்பதையே. டிபிஏ, நேர்வாளம் எண்ணெயிலிருந்து கிடைப்பது. டைஅசைல்கிளிசரால் என்ற சவ்வுக் கொழுப்பைப்போல நடித்து, புரோட்டீன் கைனேஸ் சி-யை நேரடியாகத் தூண்டிவிடும். நிஷிசூகாவின் குழு இதை 1982-இல் காட்டியது. ஆகவே டிபிஏ கொடுத்த முதல் சில மணி நேரத்தில் தெரியும் கொழுப்பு மாற்றங்களில் பல, மருந்தின் நேரடி வேலை. செல் முதிராவிட்டாலும் அவை நடக்கும். டிஎம்எஸ்ஓ சாதாரணமாக 1.25 சதவீத அளவில் சேர்க்கப்படுகிறது; அந்த அடர்த்தியில் ஒரு கரைப்பான் சவ்வின் இயல்பைத் தானே கொஞ்சம் தொடாமல் இருக்காது. ரெட்டினாயிக் அமிலமும் கொழுப்பில் கரைவதுதான், ஆனால் மைக்ரோமோலார் அளவே போதும், மரபணு வழியாகவே வேலை செய்கிறது என்பதால் எனக்கு அதன் மேல் நம்பிக்கை கூடுதல்.

வளர்ப்பு ஊடகம் இன்னொரு குழி. செல்லின் கொழுப்பு அமிலக் கலவை, அது குளிக்கும் சீரத்தை (ஊடகத்தில் சேர்க்கும் ரத்தத் தெளிநீரை) பெரிதும் பின்பற்றும். உடலில் இருக்கும் நியூட்ரோபிலையும் கன்றுக்குட்டிச் சீரத்தில் வளர்ந்த செல்லையும் பக்கத்தில் வைத்து, இதில் அராகிடோனிக் அமிலம் குறைவு, ஆகவே இது முதிராதது என்று முடிவு கட்டினால் நாம் அளந்தது சீரத்தைத்தான். ஹெச்எல்-60-இல் செல் பெருக்கத்தை அடக்கும் பி53 மரபணு தொலைந்தும், அதைத் தூண்டும் மைக் மரபணு பன்மடங்காகப் பெருகியும் இருக்கின்றன என்பதையும் மறக்கக்கூடாது.

மருந்துப் பக்கம் இந்த அறிவு எங்கே போய் நிற்கிறது? ரெட்டினாயிக் அமிலமும் ஆர்சனிக் டிரையாக்சைடும் சேர்ந்து புரோமைலோசைட்டிக் லுகேமியாவைக் குணமாக்கக்கூடிய நோயாக்கிவிட்டன. ஐடிஹெச் நொதிகள் திரிந்த லுகேமியாக்களுக்கு 2017, 2018-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற எனாசிடெனிப், ஐவோசிடெனிப் இரண்டும் முதிரவைத்தே வேலை செய்கின்றன. இந்த மருந்துகள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஆபத்து ஒன்று உண்டு: திடீரென்று முதிரும் செல்கள் கூட்டமாக நுரையீரல் போன்ற உறுப்புகளில் புகுந்து, காய்ச்சல், மூச்சுத்திணறல், உடல் வீக்கம் கொண்டுவருகின்றன. ரத்தக் குழாயில் ஒட்டி, ஊர்ந்து, தூதுப்பொருள்களைச் சுரக்கும் திறமை முதிர்ச்சியோடு கூடவே வருகிறது. மருத்துவர்கள் ஐயம் வந்தவுடனே டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைத் தொடங்குவது அதனால்தான். சவ்வின் கொழுப்பையே குறிவைத்த மருந்துகளும் முயற்சிக்கப்பட்டன. எடெல்ஃபோசின், மில்டெஃபோசின் போன்ற செயற்கை ஈதர், அல்கைல் கொழுப்புகள் லுகேமியா செல்களை வளர்ப்புத் தட்டில் நன்றாகவே கொன்றன, பாஸ்ஃபடிடைல்கோலின் தயாரிப்பை முடக்கின. லுகேமியாவில் அவை நிலைக்கவில்லை. ஆனால் மில்டெஃபோசின் காலா அசார் என்ற ஒட்டுண்ணி நோய்க்கு வாய்வழி மருந்தாகி எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியது.

நீங்களே இதை ஆய்வாக எடுக்கும் எண்ணம் இருந்தால், குறைந்தது இரண்டு வெவ்வேறு தூண்டிகளையும், அந்தத் தூண்டிக்கு முதிர மறுக்கும் ஒரு துணைச்செல் வரிசையையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். முதிர மறுக்கும் செல்லிலும் அதே கொழுப்பு மாற்றம் வந்தால் அது மருந்தின் வேலை என்று தெரிந்துவிடும். முதல் நாளை 1, 2, 4, 8, 24 மணி என்று நெருக்கமாக அளங்கள். 24 மணி நேரத்தில் தொடங்கியிருந்தால் ஸ்பிங்கோமைலினின் அந்த இரண்டு மணி நேரச் சரிவு யார் கண்ணிலும் பட்டிருக்காது. பிறகு ஐந்தாம் நாள்வரை நாளுக்கொரு முறை போதும். லிப்பிடின் பெயரோடு அதன் வால் நீளத்தையும் தனித்தனியே பதிவு செய்யுங்கள். ஒப்பிட, கொடையாளரிடமிருந்து பிரித்தெடுத்த இயல்பான நியூட்ரோபில்களை ஒரு வரிசையிலாவது கட்டாயம் ஓட்டுங்கள்.